தூக்குக் குண்டு சாய்ந்தது

இது நடந்தது. எனக்கே நடந்தது. கதை கட்டும் திறமை எனக்கு இல்லை, அளந்து பார்த்ததைத்தான் எழுதத் தெரியும். அளந்ததையும் மறுபடி சரிபார்க்கிற ஆள் நான். இதில் எங்கோ நான் தவறாகப் பார்த்திருக்கிறேன் என்று யாராவது காட்டினால் நிம்மதியாக இருக்கும். இதுவரை யாரும் காட்டவில்லை.

போன நவம்பர். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு வெளியே கில்ஷானா மாளிகை பல வருஷம் பூட்டிக் கிடந்தது. ஊர் அறக்கட்டளை அதை வாங்கி, சாப்பாட்டு அறையை எங்கள் மாலை நேர ஓவிய வகுப்புக்குக் கொடுத்தது. செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு வகுப்பு. ஆசிரியை ஹனோரா குவில்டி. மாணவர்கள் ஐந்து பேர். அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று மாஸி டூஹியிடம். கசாப்புக் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓவியம் கற்க வந்தவர், முன்னதாக வந்து கணப்பு மூட்டி வைப்பார். இன்னொன்று என்னிடம். கடைசியில் தங்கித் தூரிகைகளைக் கழுவுவது என் வேலை.

அறையில் ஒரே ஒரு ஓவியம், சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டியிருந்தது. தூசி படாமலிருக்க ஓவியர்கள் அப்படி வைப்பது வழக்கம். எங்கள் ஈரப் படங்களையும் நாங்கள் அப்படித்தான் வைப்போம். அதனால் யாரும் யோசிக்கவில்லை. முதல் நாளே மாஸி அதை முகம் தெரியும்படி திருப்பி மாட்டினார்.

சட்டத்தின் அடியில் பெயர் எழுதியிருந்தது: லெட்டிஸ் ஃபினூகேன். இருநூறு வருஷத்துக்கு மேல் பழைய உருவப்படம். வரைந்தது யாரோ ஊர் ஊராகப் போன ஓவியர். நீலப் பட்டு உடுத்த பெண், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து நேராகப் பார்க்கிறாள். காதில் முத்து.

அவளை ஐந்து பேரும் நகல் எடுக்க வேண்டும். டப்ளினில் பழைய ஓவியங்களைச் செப்பனிடும் கூடம் ஒன்று இருக்கிறது. ஹனோரா பரிந்துரைக்கும் ஒருவரை அங்கே பயிற்சிக்கு எடுப்பார்கள். மருந்துக் கடையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த எனக்கு அந்த இடம் வேண்டும். வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

நான் முறையாகத் தொடங்கினேன். சட்டத்தில் நூல் கட்டி, ஓவியத்தின் முன் நிறுத்தி, கட்டம் கட்டமாக அளந்தேன். நேர்கோட்டுக்குக் கொத்தனார் வைக்கும் தூக்குக் குண்டு ஒன்று தொங்கவிட்டேன்.

முதல் கோளாறு அப்போதே தெரிந்தது. முத்து நூலோடு ஒட்டி நேராகத் தொங்கவில்லை. பின்கழுத்துப் பக்கம் சாய்ந்து கிடந்தது. காதோரச் சுருள் முடியும் அப்படியே.

"டீச்சர், இந்த முத்து தப்பா இருக்கே?"

"டெர்வ்லா, அவன் அந்தக் காலத்து ஊர்சுற்றி ஓவியன். குடிச்சிட்டு வரைஞ்சிருப்பான்."

"குடிச்சா நமக்கும் இப்படிப் பட்டு வருமா?" என்றார் மாஸி. "வருமுன்னா சொல்லுங்க, வர்ற வாரம் பாட்டிலோட வர்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் இன்னொரு முறை அளந்தேன்.

இரண்டாம் வாரம் இமைகள் கொஞ்சம் கீழே இருந்தன.

என் அளவுதான் தப்பு என்று நினைத்தேன். சட்டத்தை நகர்த்தியிருப்பேன். திரும்பக் கட்டினேன். திரும்ப அளந்தேன். கண்ணை மட்டும் வரையாமல் வெற்றாக விட்டுவிட்டு மற்றதை முடித்தேன்.

மூன்றாம் வாரம் இன்னும் கீழே. அவள் இப்போது நேராகப் பார்க்கவில்லை. அரைக்கண்ணால் பார்த்தாள்.

முதல் நாள் போனில் எடுத்த படம் என்னிடம் இருந்தது. வெளிச்சம் போதாமல் நிறம் தெரியவில்லை. ஆனால் கண்கள் அகலத் திறந்திருந்தன. நான் ஏமாறவில்லை. யாரோ ஓவியத்தில் கை வைக்கிறார்கள்.

படத்தை ஹனோராவிடம் காட்டினேன். அது என் முட்டாள்தனம். அவர் போனைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட. அப்புறம் மாஸிகிட்ட."

"மாஸிக்கு ஒரு ஆப்பிளையே ஒழுங்கா வரைய வராது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இமையை இவ்வளவு சுத்தமா இறக்கத் தெரிஞ்ச கை இந்த வகுப்புல ஒண்ணுதான் இருக்கு டெர்வ்லா. அடுத்த வாரம் டப்ளின்லருந்து ஆள் வந்து பார்க்கட்டும். அதுவரைக்கும் உன் பரிந்துரையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அன்று யாரும் என்னோடு பேசவில்லை. நானும் எல்லோர் விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் நகத்தில் என்ன சாயம்? மாஸிக்கு உண்மையிலேயே வரைய வராதா, வராத மாதிரி நடிக்கிறாரா? அதற்கும் மேலே ஒரு சந்தேகம். நானே செய்துவிட்டு மறந்திருந்தால்?

அடுத்த செவ்வாய். ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க முன்னதாகவே போனேன். மணி நாலே முக்கால். நவம்பரில் அந்நேரமே இருட்டு. விளக்குப் போடவில்லை. ஓவியத்துக்கு எதிரே, என் நூல் சட்டத்தின் பின்னால், ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். சாலை விளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியே கொஞ்சம் விழுந்தது. அது போதும்.

கணப்பில் நெருப்பில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. ஓவியத்தில் நீலப் பட்டு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. முகம் தெரியவில்லை.

மணி ஐந்து பத்து. ஒரு சத்தம்.

டக்... டக்...

தூரிகையை ஜாடி விளிம்பில் தட்டுகிற சத்தம். எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

கதவு திறக்கவில்லை. யாரும் வரவில்லை.

"மாஸி?"

சாயம் குழைக்கும் ஆளி எண்ணெய் வாசனை வந்தது. புதிய எண்ணெய்.

எழலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் தூக்குக் குண்டைப் பார்த்தேன்.

அது நேராகத் தொங்கவில்லை.

ஆடவும் இல்லை. நூல் விறைப்பாக, சாய்வாக, அசையாமல் நின்றது. முத்து சாய்ந்திருந்த அதே சாய்வு.

என் காதில் ஏதோ உறுத்தியது.

என் தொங்கட்டான். சின்ன வெள்ளித் தொங்கட்டான். அது கீழே தொங்கவில்லை. பின்னால் போய்க் கழுத்தில் கிடந்தது...

முடியும் பின்னால் சரிந்தது. உட்கார்ந்துதான் இருந்தேன். முதுகு மட்டும் படுத்திருந்தது.

கண்ணை மூடினேன்.

திறக்க முடியவில்லை.

இமைகளின் மேல் ஏதோ கனம். வட்டமாக, செத்தவர் கண்மேல் வைக்கும் காசு போல. சில்லென்று. இரண்டு கண்ணிலும்.

டக்...

பக்கத்தில்.

யாரோ மூச்சு விட்டார்கள்.

இடது கண்ணின் கனம் மட்டும் நீங்கியது. ஒரு கட்டை விரல் என் இமையைத் தூக்கியது. மெதுவாக. கண்ணின் நிறம் பார்க்கிறவன் தூக்குகிற மாதிரி...

எதிரே முகம் தெரிந்தது.

லெட்டிஸின் கண்கள் முழுசாக மூடியிருந்தன.

பட்டென்று விளக்கு எரிந்தது.

"ஏம்மா! இருட்டுல உட்கார்ந்து யாரைப் பிடிக்கப் போற? என்னையா?"

வாசலில் மாஸி, கையில் கணப்பு விறகுக் கூடையோடு. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பிறகு ஓவியத்தைப் பார்த்தார். கூடை கீழே விழுந்தது.

"யேசுவே..." என்றார். "தூசிக்காகத் திருப்பி வைக்கலை இது. சாவு வீட்டுல படத்தையும் கண்ணாடியையும் திருப்பி வைப்போமே, அது. என் மரமண்டைக்கு இது தோணாம போச்சே."

அவரே அதை மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பினார்.

டப்ளினிலிருந்து வந்தவர் ஃபீக்ரா டைனன். ஓவியத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார். ஹனோரா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்று வாரம் கழித்து, வகுப்பு நேரத்தில், டைனன் ஹனோராவின் போனுக்கு அழைத்தார். எல்லோரும் கேட்கும்படி வைத்தார் ஹனோரா.

"யாரும் கை வைக்கலைங்க. இமைச் சாயமும் பட்டுச் சாயமும் ஒரே வயசு. எக்ஸ்ரே படமும் எடுத்துட்டோம். இமைக்கு அடியில கண்ணே இல்லை."

"அப்படின்னா?"

"செத்த பொண்ணைப் படுக்க வெச்சு வரைஞ்சிருக்கான். அதான் முத்தும் முடியும் பின்னால சாயுது. முகம் முடிஞ்சதும், உயிரோட இருக்கிற ஒரு பொண்ணை எதிரே உட்கார வெச்சு, அவ கண்ணைப் பார்த்துத் திறந்த கண்ணா வரைவாங்க. அப்போ அது சகஜம். இந்த வீட்டுல யாரும் உட்காரலை போல."

"டெர்வ்லாவோட போன் படத்துல திறந்திருக்கே?"

"இருக்கு. பார்த்தேன். எப்படின்னு எனக்குத் தெரியலைங்க."

மாஸிதான் முதலில் எழுந்தார். சுவரைப் பார்த்திருந்த எங்கள் நகல்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். அதுவரை ஒருவர் படத்தை ஒருவர் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

ஒரே பெண். ஒரே நீலப் பட்டு. கண்கள் வேறு வேறு. ஒருவர் நீலமாக வரைந்திருந்தார். ஒருவர் சாம்பலாக. ஒருவர் கருப்பாக. மாஸி பழுப்பாக. அவரவர் பார்த்ததைத்தான் வரைந்ததாகச் சத்தியம் செய்தார்கள்.

"கண்ணாடி எடுத்துப் பாருங்க," என்றார் மாஸி. "அவங்கவங்க கண்ணு."

கடைசியாக என்னுடையதைத் திருப்பினார்.

கண்களை நான் வரையவே இல்லை. அந்த இடத்தை வெற்றாக விட்டிருந்தேன்.

அங்கே இரண்டு பச்சைக் கண்கள் இருந்தன. இடது கண்ணில் ஒரு சின்ன மஞ்சள் கீற்று. அந்தக் கீற்று எனக்கும் உண்டு. கண் மருத்துவரைத் தவிர யாரும் கவனித்ததில்லை.

ஹனோரா கிட்டே போய்க் குனிந்து வெகுநேரம் பார்த்தார். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன் டெர்வ்லா. மன்னிச்சுடு. இந்த மாதிரிக் கண்ணை நான்கூட வரைஞ்சதில்லை. நாளைக்கே டப்ளினுக்கு அனுப்பறேன்."

அவற்றை நான் வரையவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

இடம் எனக்குத்தான் கிடைத்தது. தேர்வுக் குழு ஒரே காரணம்தான் சொன்னது: அந்தக் கண்கள்.

நகல்களைத் திருப்பிய அன்று எல்லோரும் போன பிறகு, தூரிகைகளைக் கழுவும் முன், என் நகலில் இடது கண்ணின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். என் படத்தை நான் தொட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

விரலில் பச்சை ஒட்டியது.