தயா அண்ணையை நிறுத்திய சத்தம்

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில், காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

உடனே ஓரங்கட்டினேன்.

பின்னால் வந்தவர் ஹார்ன் அடித்தார். அடிக்கட்டும். விளக்கு எரிந்தால் எனக்கு நிற்கத்தான் தெரியும்.

(காரணம் ஒரு ஸ்னோமொபைல். லண்டனில். சிரிக்காமல் வாசியுங்கள்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பொறியியல், கடைசி வருடம். ஈஸ்ட் ஹாமில் ஒரு வீடு. நான்கு பேர், ஒரு குளியலறை.

எங்கள் துறைக்கு அந்த வண்டி வந்தது. பனியில் ஓடுவது. முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டி. வெளியே வழக்கமான மழைத் தூறல்.

கொண்டுவந்தவர் ஒரு பெண்மணி. வடதுருவப் பக்கம் பனிப்பாறைகளை ஆராயும் குழுவின் தலைவி. முந்தைய குளிர்காலத்தில் எஞ்சின் சூடேறி இறுகிவிட்டதாம். நடந்தே முகாமுக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஒருவருக்குக் கால்விரல்கள் போயின. சூடு காட்டும் முள் வண்டியில் இருந்தது. ஓட்டியவர் பார்க்கவில்லை.

ஆகவே ஒரு விளக்கு, ஒரு சத்தம். அதுதான் என் புராஜெக்ட். சரியாக வந்தால் வண்டியோடு போகும். இல்லையென்றால் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போவேன் என்றார் தலைவி.

நான் பனிப்பாறை கண்டதில்லை. என் கையால் செய்த ஒன்றாவது அங்கே போகட்டும். அவ்வளவுதான் ஆசை.

சிவப்பு விளக்கை முள்ளுக்குப் பக்கத்தில் பூட்டினேன். இருக்கைக்கு முன்னால் ஒரு பஸர். பீப், பீப், பீப். அழகாக வேலை செய்தது. சோதிக்க ஓர் ஆள் வேண்டும்.

தயா அண்ணையைக் கூட்டிப்போனேன்.

தயா அண்ணை எங்கள் வீட்டு மேல் அறைக்காரர். மினிகேப் என்ற வாடகைக் கார் ஓட்டுபவர். அவருடைய காரில் ஆயில் குறைவைக் காட்டும் விளக்கு எந்நேரமும் எரியும். தொந்தரவாக இருக்கிறதென்று அதன்மேல் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். ஓடும்போது பிள்ளையாரின் வயிறு மட்டும் சிவப்பாக ஒளிரும்.

(நாங்களும் குறைந்தவர்கள் அல்ல. சமையலறைப் புகை அலாரம் பேட்டரி கேட்டு மாதக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தது. ஒருவர் காதிலும் விழவில்லை.)

ஒர்க்‌ஷாப்பில் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினோம். ஹெல்மெட் போட்டு ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் அலறியது. அவருக்குத் தெரியாமல் இரண்டு வயர்களைத் தொடுத்துப் பொய்ச் சூடு காட்டினேன்.

விளக்கு எரிந்தது. பஸர் கத்தியது.

தயா அண்ணை ஓட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் நானே போய் நிறுத்தினேன்.

"அண்ணை, விளக்கு எரிஞ்சதைக் காணேல்லையோ?"

"கண்டனான்."

"சத்தம்?"

"கேட்டதுதான்."

"பிறகேன் நிப்பாட்டேல்லை?"

"அது தன்ர பாட்டுக்கு எரியுது, தன்ர பாட்டுக்குக் கத்துது. நான் என்ர பாட்டுக்கு ஓடினனான்."

அவருடைய காரிலேயே வீடு திரும்பினோம். முன்னால் பிள்ளையாரின் வயிறு எரிந்துகொண்டிருந்தது. எரிச்சலில் கேட்டுவிட்டேன்.

"ஊரில குண்டு போடுற பொம்பர் சத்தத்துக்கும் இப்பிடித்தான் இருந்தனீங்களோ?"

"விசரே உனக்கு? அது மேல சுத்திக்கொண்டு நிக்கேக்க ஆர் எழும்பினது? சோறு தின்னுவம். கீழ பதிஞ்சு வாற சத்தம் கேட்டால்தான் பங்கருக்குள்ள பாயிறது."

பிறகு ரோம்ஃபோர்ட் ரோட் நெரிசலைத் திட்டத் தொடங்கினார்.

எனக்கு நெரிசல் தெரியவில்லை.

ஒரே மாதிரி ஒலிப்பது கடிகாரம். நெருங்கி வருவதுதான் எச்சரிக்கை. அவருடைய காதுகள் செத்துப்போகவில்லை. எதற்கு எழும்புவதென்று அவை முன்பே முடிவு செய்துவிட்டன.

அடுத்த நாள் எல்லாவற்றையும் கழற்றினேன்.

விளக்கு முள்ளை விட்டு நகர்ந்தது. கைபிடிகளுக்கு நடுவே, பாதையைப் பார்க்கும் கண்ணுக்கு நேர் கீழே, விட்டுவிட்டு எரிந்தது. சத்தம் மெதுவாகத் தொடங்கி, சூடு ஏற ஏற வேகமாகி, கீச்சென்று உயர்ந்தது. அடக்க சுவிட்ச் இல்லை. எஞ்சினை நிறுத்தினால் மட்டும் அடங்கும்.

தீர்ப்பு நாள். பேராசிரியர், தலைவி, நான், தயா அண்ணை.

உன் நண்பர் உனக்காக நிறுத்துவார், இது எப்படிச் சோதனையாகும் என்று தலைவி கேட்டார். இவர் எதற்கும் நிறுத்தாதவர், அதனால்தான் கூட்டிவந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. தயா அண்ணையிடம் போய், உங்களுக்குத் தானாகத் தோன்றினால் ஒழிய நிறுத்த வேண்டாம் என்றார். தயா அண்ணை அதைப் பந்தயமாகவே எடுத்துக்கொண்டார். அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.



இந்த முறை வயர்களைத் தொடுத்தவர் தலைவி.

விளக்கு மின்னியது. தயா அண்ணை பார்த்தார். உள்ளங்கையால் மூடினார். (ஸ்டிக்கர் கையில் இல்லை.)

சத்தம் தொடங்கியது. தலையை ஆட்டினார். ஓட்டினார்.

சத்தம் நெருங்கியது. இன்னும் நெருங்கியது. அவருடைய தோள்கள் காதுவரை உயர்ந்தன. அந்தக் கணம் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சாவியைத் திருப்பினார்.

அமைதி.

ஹெல்மெட்டைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"சனியன். நிப்பாட்டினால்தான் வாயை மூடுது."

தலைவி என்னவென்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. மற்ற வண்டிக்கும் ஒன்று செய் என்றார்.

அந்தக் குளிர்காலம் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டுச் செய்தி சொன்னார். பனிவெளியில் அது கத்தியிருக்கிறது. ஓட்டியவர் நின்றிருக்கிறார். ஒரு குழாய் கழன்றிருந்ததாம். பூட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள், எல்லா விரல்களோடும்.

பல்கலைக்கழக நடைபாதையில் நான் ஓடினேன். 

தயா அண்ணையிடம் சொன்னபோது சற்று யோசித்தார்.

"உந்தச் சாமானை என்ர காருக்கும் பூட்டேலுமோ?"

"முதல்ல ஆயில் விடுங்கோ அண்ணை."

விட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அந்த விளக்கு அணைந்தது. ஸ்டிக்கரை உரித்து இரண்டு விரல் தள்ளி ஒட்டினார். பிள்ளையார் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளட்டுமாம்.

இன்று என் காரில் எரிந்த மஞ்சள் விளக்கா? கண்ணாடி கழுவும் தண்ணீர் முடிந்துவிட்டதாம். பரவாயில்லை, நின்றேன்.

சரி, உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் காரில் எந்த விளக்கின்மேல் எந்தச் சாமி?