ரேம் உட்காரலையாம்!

போன வாரம் காரைக்குடியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே ஓர் அதட்டல்தான் என்னை வரவேற்றது.

"அங்குட்டே நில்லு! கால வச்சிராத... தரையெல்லாம் ஸ்குரூ!"

லூர்து அண்ணனுக்கு எழுபத்தாறு வயது. பாலிடெக்னிக்கில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வயதில் மற்றவர்கள் மாத்திரை டப்பாவைப் பிரித்து அடுக்குவார்கள். இவர் கம்ப்யூட்டரை அடுக்கிக்கொண்டிருந்தார். கடையில் முழுசாக வாங்கினால் என்னவாம்?

"உள்ள அவன் என்னத்தப் போட்டுக் குடுக்குறான்னு நமக்கு எப்புடித் தெரியும்?"

ஆக... மதர்போர்டு தனி, ப்ராசஸர் தனி, கேபினெட் தனி என்று பார்சல் பார்சலாக வரவழைத்திருக்கிறார். வீடியோ பார்த்துப் பார்த்துப் பூட்டியிருக்கிறார். வீட்டில் இருக்கிற அத்தனை நாற்காலிகளிலும் காலி அட்டைப் பெட்டிகள். உட்கார இடமில்லாமல் நானும் மதினியும் நின்றுகொண்டிருக்க, அண்ணன் பவர் பட்டனை அமுக்கினார்.

ஃபேன் சுற்றியது. உள்ளே சிவப்பு, நீலம் என்று கலர் கலராக லைட் எரிந்தது. மானிட்டரில் மட்டும் ஒன்றையும் காணோம். 'நோ சிக்னல்' என்று ஒரு வரி வந்தது, அதுவும் மறைந்தது.

"ரெண்டு நாளா இதே கதைதான்" என்றார் மதினி. "சப்பரம் சோடனையா நிக்கிது. சாமியத்தான் காணோம்."

என் கையில் டார்ச்சைக் கொடுத்தார் அண்ணன். நான் வெளிச்சம் காட்ட, அவர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். மானிட்டர் ஒயரை மாற்றினார். பக்கத்து வீட்டு மானிட்டரைக் கொண்டுவந்து வைத்தார். ப்ராசஸருக்குப் போகிற பவர் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார். ஊஹூம். மதர்போர்டு ஓரத்தில் ஒரு குட்டி மஞ்சள் விளக்கு மட்டும் விடாமல் எரிந்தது.

கடைசியில் ரோஷத்தை விட்டு, பொருள் வாங்கிய கடைக்கே போன் போட்டார். விளக்கைப் பற்றிச் சொன்னதுமே அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்துவிட்டார்.

"ரேம் உக்காரல சார், அந்த நீட்டு மெமரிப் பட்டை. கழட்டிட்டு, 'டக்'குன்னு சத்தம் கேக்குற வரைக்கும் அழுத்துங்க."

"அழுத்துனேனே... உடைஞ்சு கிடைஞ்சு போயிருச்சுன்னா?"

"உடையாது சார். உக்காந்தாத்தான் வேல செய்யும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"மறுபடியுமாண்ணே?" என்றேன்.

இந்த 'மறுபடியும்' என்கிற வார்த்தைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சொல்லாமல் விட்டால் எனக்கு இந்த வாரம் தூக்கம் வராது.

அறுபதுகளின் நடுப்பகுதி. அப்போது நாங்கள் காரைக்குடிக்குப் பக்கத்தில் சாக்கோட்டையில் இருந்தோம். அப்பாவுக்கு விவசாயம். அது போக, கோயில் திருவிழாவா, ஊர்க் கூட்டமா... எதிலும் முன்னால் நிற்கிற ஆள். அப்படிப்பட்டவரை ஒருவரும் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்?

அதுதான் ஆனது. அம்மாவின் ஒரே தங்கை, எங்கள் சின்னம்மா, திருச்சியில் புது வீடு கட்டி மந்திரித்தார்கள். குடும்பத்தோடு போனோம். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனதும் பந்தி ஆரம்பித்தது. அந்தக் கூட்டத்தில் அப்பாவைப் பார்த்து 'உக்காருங்க' என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் பந்தி எழுந்தது. இரண்டாவது பந்தி உட்கார்ந்தது. அப்பா செருப்பை மாட்டினார். வெறும் வயிற்றோடு நாங்களும் பஸ் ஏறினோம்.

அதோடு சரி. போக்குவரத்து நின்றது. சின்னம்மாவின் பெயரை எடுத்தாலே அப்பாவுக்கு முகம் சிவக்கும். அந்தப் பக்கமும் ரோஷத்துக்குக் குறைச்சலில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது அம்மா. வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை. ஆனால் திருச்சி பஸ் ரோட்டில் ஹாரன் அடித்தால் கையில் இருக்கிற வேலையை ஒரு நிமிஷம் நிறுத்துவார்.

இப்படிச் சில வருஷங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும்போது சொந்தக்காரப் பெண் ஒருவர் அம்மாவின் காதில் ஒரு சேதி போட்டார். அடுத்த ஞாயிறு மதியம் திருச்சி ரேடியோவில் பெண்கள் நிகழ்ச்சியில் சின்னம்மா தாலாட்டுப் பாடப்போகிறாராம்!

எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை. அடுத்த வீட்டில் போய்க் கேட்டால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். மிச்சமிருந்த ஒரே வழி, லூர்து அண்ணன். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த அவர், மதுரைக்குப் போய்ப் பழைய சாமான்களாகப் பொறுக்கிவந்து, நாலு வால்வு ரேடியோ ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தார். படிப்புக்கு உதவும் என்று அப்பாவும் அதற்குத் தடை சொல்லவில்லை. (அப்போதெல்லாம் ரேடியோ வைக்கவும் லைசென்ஸ் வேண்டும். எடுத்தீர்களா என்று இப்போது யாரும் கேட்காதீர்கள், ப்ளீஸ்!)

அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள இது பேசிருமாடா?"

"பேசிரும்மா."

அம்மா தனக்கென்று எங்களிடம் எதையும் கேட்டதாக அதுவரை எனக்கு ஞாபகமே இல்லை.

அந்த ஞாயிறும் வந்தது. கறிச்சோறு சாப்பிட்டால் அப்பா குறட்டை விடுகிற நேரம் அது. அந்தத் தைரியத்தில்தான் நாங்கள் இருந்தோம். ஆனால் அன்றைக்கென்று பார்த்து, "மகன் என்னதான் பண்ணிருக்கான்னு பாப்போம்" என்று கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்!

அம்மா உள்ளறை நிலைப்படியில், முறத்தில் அரிசியோடு நின்றார். அப்பா நாற்காலியில் இருக்கும்போது அம்மா அந்தக் கூடத்தில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. வெறும் தரையில்கூட உட்காரமாட்டார். அன்றைக்கு எங்கள் வீடு மட்டுமா, பல வீடுகள் அப்படித்தான் இருந்தன.

அண்ணன் ஸ்விட்சைப் போட்டார். டயல் விளக்கு எரிந்தது. சத்தம் இல்லை.

ஏரியல் கம்பியைப் பார்க்க முற்றத்துக்கு ஓடினேன். நல்ல கொடி கிடைத்தது என்று அதில் அப்பாவின் ஈர வேட்டியைக் காயப்போட்டிருந்தார்கள். எடுத்தேன். பலனில்லை. எர்த் கம்பி புதைத்த இடத்தில் தண்ணீர் ஊற்றினேன். அதற்கும் பேசவில்லை.

"இம்புட்டுத்தானா ஒன் படிப்பு?" என்றார் அப்பா.

டார்ச்சை அடித்துப் பின்பக்கம் பார்த்தேன். வால்வு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சின்ன பல்பு மாதிரி கண்ணாடிக் குப்பி. அடியில் ஊசி ஊசியாகக் கால்கள். வேலை செய்யும்போது உள்ளே லேசாகச் சிவக்கும். மூன்று சிவந்திருந்தன. நாலாவது இருட்டாக இருந்தது.

"அண்ணே, இது ஒண்ணு மட்டும் எரியல."

"உக்காரல போலருக்கு" என்றார். ஸ்விட்சை அணைத்துவிட்டு, இரண்டு விரலால் பூப்போல அழுத்தினார். இறங்கவில்லை. உடைந்தால் வேறு வால்வு கிடையாது. விரலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"அழுத்தித்தான் தொலையேண்டா! முடிஞ்சுறப் போகுது!"

கத்தியது அம்மா. அப்பாவுக்கு முன்னால், அவ்வளவு சத்தமாக!

அப்பா திரும்பினார். "என்னது முடியப் போகுது?"

அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓர் அழுத்து அழுத்தினார். 'கரக்' என்று வால்வு உட்கார்ந்தது. ஸ்விட்சைப் போட்டோம். மெல்ல, மெல்ல, நாலாவதும் சிவந்தது. ஓர் இரைச்சல்... அதற்குள்ளிருந்து ஒரு தாலாட்டு வந்தது.

பாடுகிறவர் பெயரை முன்பே சொல்லி முடித்திருப்பார்கள். ஆனால் எங்களுக்குப் பெயர் எதற்கு? எங்களைத் தூங்கவைக்க அம்மா பாடுகிற அதே பாட்டு. அக்காவுக்கும் தங்கைக்கும் குரல்கூட ஒன்றுதான். அம்மாவின் முறம் சாய்ந்து, ஆத்தங்குடிக் கல் தரையில் அரிசி கொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அது தெரியவில்லை.

அப்பா ரேடியோவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். எழுந்தார்.

போச்சு, நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். அண்ணன் ரேடியோவை மறைத்துக்கொண்டு நின்றார்.

அப்பா தன் நாற்காலியை அம்மா பக்கம் தள்ளினார்.

"நின்னுக்கிட்டு என்னத்தக் கேக்குற? உக்காரு."

அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்டார். கொஞ்ச நேரத்தில் பாட்டு முடிந்துவிட்டது. அடுத்து நெற்பயிருக்கு யூரியா போடுவது பற்றி ஒருவர் பேச ஆரம்பித்தார். அம்மா எழுந்திருக்கவே இல்லை. யூரியாவைப் பற்றி அழுதுகொண்டே கேட்ட ஒரே ஆள் எங்கள் அம்மாவாகத்தான் இருக்கும்.

அது முடிந்ததும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கிறிஸ்மஸுக்கு ஒந்தங்கச்சியக் குடும்பத்தோட வரச் சொல்லு."

வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார்.

"வந்தா, மொதல்ல உக்காரச் சொல்லு. அதக்கூடச் சொல்லலைன்னா மனுசனுக்கு எப்புடி இருக்கும்?"

அம்மா, அப்பா, சின்னம்மா... மூன்று பேரும் இப்போது இல்லை.

அண்ணனுக்கும் அந்த மதியத்தின் ஞாபகம்தான் போல. ரேமைக் கழற்றி, மறுபடி வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினார்.

'டக்.'

பட்டனை அமுக்கினார். மஞ்சள் விளக்கு அணைந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, திரை பளிச்சென்று விழித்தது!

அப்போதுதான் அண்ணன் திரும்பிப் பார்த்தார். கையில் காபி டம்ளர்களோடு மதினி இன்னமும் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் சட்டென்று எழுந்தார். அச்சு அசலாக அப்பாவின் குரலில் சொன்னார்.

"ஏன் நின்னுக்கிட்டே இருக்க? உக்காரு."

மதினி கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"எங்குட்டு உக்கார? மொதல்ல ஒங்க அட்டைப் பொட்டிகள எந்திரிக்கச் சொல்லுங்க!"