வெள்ளையடித்த விரிசல்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வெளியாள் யார் வந்தாலும் முதல் வேலை வெள்ளையடிப்பதுதான். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை மாறினாலும் சரி, மந்திரி கார் இந்தப் பக்கம் வருவதாக வதந்தி கிளம்பினாலும் சரி, வழியோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு. ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த நாயின் வாலும் வெள்ளையானது. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது நினைவில் இருந்திருக்க வேண்டாமா?

பல்கலைக்கழகத்தில் இறுதி வருட ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது கொங்கிரீட் விரிசல். விரிசலின் ஒரு பக்கம் சின்னச் சுத்தியலால் தட்டினால், மறுபக்கம் ஒட்டிவைத்த கருவி ஒலியைப் பிடிக்கும். ஒலி விரிசலைத் தாண்டிக் குதிக்காது. அடிவரை இறங்கிச் சுற்றித்தான் வரும். ஆழம் கூடக்கூட ஒலி வந்து சேரும் நேரமும் அதன் உருவமும் மாறும். கொங்கிரீட் கட்டைகளில் நானே விரிசல் உண்டாக்கி, தட்டித் தட்டி ஒலி சேர்த்து, ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கியிருந்தேன். புது ஒலியைக் கொடுத்தால் ஆழத்தைச் சொல்லிவிடும். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மண்ணைத் தாங்கி நிற்பது ஒரு முழத் தடிப்புள்ள கொங்கிரீட் சுவர். அதில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். சுவர் சாய்ந்தால் எங்கள் சமையல்கட்டான குசினிதான் முதலில் நசுங்கும். விரிசல் பாதிச் சுவரைத் தாண்டியிருந்தால் மழைக்கு முன்பே எல்லாரையும் வேறிடத்துக்கு மாற்றுவதாகத் தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னதுரை சொல்லியிருந்தார். நான் அளக்கிறேன் என்றேன். நாங்கள் 'சேர்' என்று கூப்பிடும் விரிவுரையாளரும் பார்க்க வருவதாகச் சொன்னார். நான்கு வருடத்தில் பல்கலைக்கழகத்து ஆள் ஒருவரையும் நான் வீட்டுக்குக் கூட்டிவந்ததில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"சேர் வர்றாரும்மா. பின்பக்கமெல்லாம் அசிங்கமா இருக்கு. கொஞ்சம் பாக்குற மாதிரி வைங்க."

நாங்கள் போனபோது சுவர் பளிச்சென்று நின்றது. பாசி இல்லை. விரிசல் மட்டும் மெல்லிய கோடாகத் தெரிந்தது. சுண்ணாம்புதானே என்று நினைத்துத் தட்ட ஆரம்பித்தேன். இரண்டு விரற்கடை ஆழம் என்றது மடிக்கணினி. சேர் தலையாட்டினார். சின்னதுரை 'ஆபத்தில்லை' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். நான் மிதந்துகொண்டிருந்தேன்.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். "எவ்வளவு ஆழமாம்?"

"ரெண்டு விரக்கடைதாம்மா."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சீமெந்து நல்லாத்தான் புடிச்சிருக்கு! பக்கத்து வீட்டு அக்காவும் நானும் ரெண்டு நாளா கரைச்சு ஊத்தி, கம்பியால குத்திக் குத்தி எறக்குனோம்."

ஒலி சீமெந்து வழியாக நேரே நடந்து வந்திருக்கிறது. அடைத்த விரிசல் ஒன்றைக்கூட நான் அந்த நெட்வொர்க்குக்குக் காட்டியதில்லை.

"யாரு உங்கள அடைக்கச் சொன்னா?" சேர் முன்னாலேயே கத்திவிட்டேன்.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "நீதானே புள்ள சொன்ன, அசிங்கமா இருக்குன்னு."

சேர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. சின்னதுரைக்குப் போன் போட்டு, நான் சொன்ன கணக்குப் பிழை, திரும்பி வாருங்கள் என்றேன். அதற்குள் அம்மா அதே கம்பியை எடுத்து வந்திருந்தாள். நான் ஒரு உளியை எடுத்தேன். சேரும் சட்டைக் கையை மடித்துவிட்டார். பின்னேரம்வரை மூன்று பேரும் அடைத்த சீமெந்தைத் தோண்டினோம்.

மறுபடி தட்டினேன். இம்முறை ஆழம் முக்கால் முழத்தையும் தாண்டியது. திரும்பி வந்த சின்னதுரை குறிப்பேட்டில் பழைய வரியை அடித்தார். அந்தக் கிழமையே, மழை தொடங்குமுன், லயத்து ஆட்கள் எல்லாரும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு மாறினார்கள்.

மழை தொடங்கி மூன்றாம் நாள் காலை சுவர் எங்கள் குசினிமேல் சாய்ந்தது. உள்ளே யாரும் இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் கொங்கிரீட் கிடந்தது. அந்நேரம் அம்மா அங்கேதான் ரொட்டி சுடுவாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், விடவே இல்லை.

அம்மா மற்றக் கையால் உடைந்த சுவர்த் துண்டு ஒன்றைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

"சுண்ணாம்பு மட்டும் நல்லாப் புடிச்சிருக்கு" என்றாள்.