கறுப்புக் கோட்டைத் தாண்டாத மெஷின்

1. மூன்றாவது முறை

கோமதி மாமியின் மெஷின் மூன்றாவது முறையாகச் செத்தபோது எங்கள் சர்வீஸ் சென்டரில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தைய இரண்டு தடவையும் அதைச் சரிசெய்து கொடுத்தவன் நான்.

திருவனந்தபுரத்தில், பழவங்காடியில் ஒரு மாடிப்படிக்கு மேலே எங்கள் சென்டர் இருந்தது. மிக்ஸி, கிரைண்டர், வேக்யூம் க்ளீனர் எல்லாம் பார்ப்போம். நான் மார்த்தாண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். தானாகத் தரையில் ஓடிப் பெருக்கும் ரோபோ வேக்யூமை எங்களில் யாரும் பார்த்ததில்லை. வலியசாலை அக்ரஹாரத்தில் தனியாக இருந்த மாமிக்கு அமெரிக்காவிலிருந்து மகன் சேகர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பெரிய தோசைக்கல் அளவில் வட்டமாக இருக்கும். அமெரிக்கக் கரண்டுக்குச் செய்தது என்பதால் சார்ஜருக்கு முன்னால் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேறு. அந்த டிரான்ஸ்ஃபார்மர் மெஷினைவிடக் கனம்.

மாமி செக்ரடேரியட்டில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது. வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண் நின்றுவிட, தானே குனிந்து பெருக்கப்போய் விழுந்திருக்கிறார். அதற்குப் பிறகு மகன் போட்ட கண்டிஷனை மாமியே எனக்குச் சொன்னார்.

"மெஷின் ஓடற வரைக்கும் நான் இங்க இருக்கலாம். அது நின்னா வீட்டைப் பூட்டிட்டு கோயம்புத்தூர்ல ஒரு ஹோமுக்குப் போகணுமாம். என் போஸ்டிங் இப்போ இந்தச் சாதனத்தோட கையிலயாக்கும், செல்வின்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் மெஷினை என் கையில் கொடுக்கும்போது உடனே விடவில்லை.

2. பச்சை பூத்த காண்டாக்ட்

முதல் தடவை சார்ஜ் ஏறவில்லை என்று கம்ப்ளைன்ட். கழற்றினேன். பிரஷ்ஷில் தலைமுடி சுற்றியிருந்தது, தூசிப் பெட்டியில் கோலமாவு இறுகிப்போயிருந்தது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது பாட்டரியைத் தொடும் தகடு, காண்டாக்ட். பச்சை பூத்திருந்தது. திருவனந்தபுரத்து மழைக்காலத்தில் ரேடியோவே பூசணம் பிடிக்கும். ஈரக்காற்றுதான் காரணம் என்று சுரண்டித் துடைத்துக் கொடுத்தேன்.

இரண்டாவது தடவையும் அதே பச்சை. இந்த முறை போர்டிலும் கறை. ஓடு ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தேன். ஒழுகவில்லை. காயவைத்து, கனெக்டர் மாற்றி, ஓடவிட்டுக் காட்டினேன். மாமி அப்போது இன்னொரு குறை சொன்னார்.

"ஓரத்துக்குப் போகவே மாட்டேங்கறது பாருங்கோ. கறுப்பைக் கண்டா திரும்பிடறது."

கூடத்தில் சிவப்புத் தரை, சுவரோரமாகக் கறுப்புப் பட்டை. அந்தக் காலத்து வீடுகளில் அப்படித்தான் போடுவார்கள். மெஷினின் அடியில் சின்னச் சின்ன சென்சார் உண்டு. அது தரையில் ஒளியை அடிக்கும். ஒளி திரும்பி வந்தால் தரை, வராவிட்டால் பள்ளம். கறுப்பு ஒளியை விழுங்கிவிடும். மாடிப்படியில் விழாமல் இருக்கச் செய்த ஏற்பாடு, இங்கே சுவரோரத்தைக் கண்டு பயந்தது. விளக்கியதும் மாமி தலையாட்டினார்.

"கவர்ன்மென்ட் ஃபைல் மாதிரி. இல்லாத பள்ளத்தைப் பார்த்து நிக்கறது."

மூன்றாவது முறை போன் வந்தபோது எங்கள் மானேஜர் சுகுமாரன் சார் கையை விரித்தார். "எடோ செல்வினே, இது நம்மள் விற்ற சாதனம் இல்லல்லோ. போய் நோக்கு. பற்றில்லெங்கில் நன்னாக்கான் பற்றில்லென்னு எழுதிக் கொடு. தீர்ந்நு."

அவருக்குத் தீர்ந்தது. ரிப்பேர் செய்ய முடியாது என்று நான் எழுதிக் கொடுத்தால் மாமி கோயம்புத்தூர். பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது அந்தக் காகிதம்தான் மனதில் ஓடியது.

3. கொல்லைப்புறத்தில் பார்த்தது

மத்தியானத்துக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தேன். வேறொரு வேலை தள்ளிப்போனதால் காலையிலேயே போய்விட்டேன். "பின்னால இருக்கேன், வாங்கோ" என்று குரல் வந்தது. போனேன்.

கிணற்றடியில், தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்களின் வரிசையில், இட்லிப் பானைக்கும் வெண்கல உருளிக்கும் நடுவே, மெஷின் வயிற்றைக் காட்டி மல்லாந்து கிடந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாமி, இதைக் கழுவினீங்களா?"

"அலம்பாம பின்னே?" என்றார், பல் தேய்த்தீர்களா என்று யாரோ தன்னைக் கேட்டுவிட்டதைப்போல. பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "நான் சாப்பிட்ட இடத்துல அது போறது. சாதப் பருக்கையெல்லாம் வாரிக்கறது. அந்த எச்சிலோட அப்படியே ஸ்வாமி ரூமுக்குப் போகப்படாதோன்னோ? அதனால ஒவ்வொரு வாட்டியும் அலம்பி வெயில்ல வெச்சுடுவேன். நன்னா காஞ்சப்புறம்தான் சார்ஜ்ல போடறேன். நின்னுபோனாலும் எச்சிலோட உங்க கையில குடுக்கப்படாதேன்னு இன்னிக்கும் அலம்பினேன்."

எங்கள் ஆட்கள் இதைக் கேட்டிருந்தால் ஒரு மாதம் சிரித்திருப்பார்கள். எனக்கு வேறொன்று உறுத்தியது. நான் கிறிஸ்தவன். என் கழுத்துச் சிலுவையை மாமி பார்த்திருக்கிறார்.

"நான் தொட்டுக் குடுத்ததுக்கும் சேர்த்தா கழுவினீங்க?"

மாமி பொய் சொல்லவில்லை. "முதல் வாட்டி அதுக்கும் சேர்த்துத்தான்" என்றார்.

கோபம் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். அந்த எழுதிக் கொடுக்கிற வேலையும் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை மெல்ல நகர்த்தி, எனக்கு உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இனிமே அப்படி நினைக்க மாட்டேன். சொல்லிட்டேன், கோவிச்சுக்கோங்கோ" என்றார். கோபித்துக்கொண்டேதான் வேலை செய்தேன். அந்தக் கோபம் முழுவதும் போயிற்று என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

"மாமி, இதுக்குள்ள கரண்டு சாதனங்க இருக்கு. இன்னொரு தடவை தண்ணி பட்டா போயிரும். பெறவு நானே நெனச்சாலும் முடியாது, கேட்டீங்களா?"

"அப்போ எச்சில்?"

அது அவர் நம்பிக்கை. இருபது வயதில் மாறாதது இப்போது என் பேச்சுக்கு மாறப்போவதில்லை. அதனால் வேறு விதமாக யோசித்தேன். கழுவக்கூடாத சாமானைக் கழுவ வேண்டிவருகிற இடத்துக்கு எதற்கு அனுப்ப வேண்டும்?

சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவுக்குப் போய், ஃபைல் பைண்டிங்குக்கு ஒட்டுகிற கறுப்புத் துணிப் பட்டை வாங்கி வந்தேன். மாமி சாப்பிடும் நாற்காலியைச் சுற்றி நாலு பக்கமும் பட்டையாக ஒட்டினேன். அவர் கால் தடுக்காதபடி தரையோடு அழுத்தித் தேய்த்தேன். மெஷினைப் பிரித்து, காயவைத்து, அடுத்த வாரம் கொண்டுவந்து ஓடவிட்டேன். பட்டை வரைக்கும் வந்தது, பள்ளம் என்று நினைத்து நின்றது, திரும்பிப் போயிற்று. கோட்டுக்கு உள்ளே இருக்கிற கொஞ்ச இடத்தை மட்டும் நீளக் கம்பு மாப்பால் மாமி நின்றபடியே துடைத்துக்கொள்ளலாம்.

"இவ்வளவுதானா!" என்றார் மாமி.

4. மகனின் கேள்வி

லீவில் சேகர் வந்தார். அமெரிக்காவுக்குத் திரும்புவதற்குள் மெஷினை ஒரு தடவை செக் செய்ய வேண்டும் என்று என்னை வரச்சொன்னார். ஓடவிட்டேன். கறுப்புப் பட்டையில் அது திரும்பியதும் அவர் முகம் சுருங்கியது.

"அங்க ஏன் போகலை? இதைத்தான் ரிப்பேர் பண்ணினேளா?"

நான் மாமியைப் பார்த்தேன். சொல்வதா வேண்டாமா என்பது அவர் விஷயம். மாமியே எல்லாவற்றையும் சொன்னார். எச்சில், கிணற்றடி, மூன்று தடவை கெட்டது தன்னால்தான் என்பது, எதையும் விடவில்லை.

"அம்மா! இதுக்குத்தான் உன்னைத் தனியா விட எனக்குப் பயமா இருக்கு!"

"விழுந்துடுவேன்னு பயந்தா அதைச் சொல்லு. எச்சில் பாக்கறதுக்காக என்னை ஊர் கடத்தாதே."

சேகர் என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கோ. இவ இங்க இருக்கலாமா?"

அவர் எதிர்பார்த்தது ஒரு சர்டிபிகேட். எனக்கும் அவர்மேல் இரக்கம் வந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து கவலைப்படுகிற ஆள், வேறு யாரைக் கேட்பார்?

"மெஷினைப் பத்திக் கேளுங்க சார், சொல்லுதேன். இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓடும். அம்மா எங்க இருக்கணும்னு எங்கிட்ட கேட்டா எப்படி? அவங்க பக்கத்துலதான இருக்காங்க."

சேகர் அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"நீ எங்கம்மா இருக்கணும்னு நினைக்கறே?"

மாமியின் கண் நிறைந்துவிட்டது. "ஆபரேஷன் ஆனதுலேர்ந்து இப்போதான் யாராவது கேக்கறா" என்றார். "இங்கதான்டா."

மாமி அங்கேதான் இருந்தார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கஸ்டமர் வீட்டுக்குப் போனால் டூல் பையைத் திறக்காதே. முதலில் உட்கார். இந்தச் சாமானை நீங்கள் காலையிலிருந்து என்னென்ன செய்வீர்கள் என்று கேள். கேட்டுவிட்டுச் சிரிக்காதே. சிரித்தால் அடுத்த தடவை உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.