பக்கத்துக் கட்டிலும் என் சாட்சியும்

ஃபினாயில் வாசனையும் ஆலிவ் எண்ணெய் வாசனையும் கலந்தால் எப்படியிருக்கும் தெரியுமா? எனக்குத் தெரியும். சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில், டெங்குக் காய்ச்சலோடு படுத்திருந்தபோது என் நெற்றியில் இருந்த வாசனை அது.

அப்போதுதான் மேலவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கடலூரிலிருந்து தினமும் பஸ். முதல் சம்பளம் வாங்குவதற்குள் கொசு முந்திக்கொண்டது.

பக்கத்துக் கட்டிலில் கலையரசி. பாலிடெக்னிக் படிக்கிற பெண், ஊர் குடிகாடு. அவளுக்கும் அதே காய்ச்சல். அவள் அம்மா தனம் அக்கா... என் அம்மா ‘அக்கா’ என்று கூப்பிட்டதால் எனக்கும் அவர் அக்காவாகிவிட்டார்.

இரண்டு அம்மாக்களும் ஒரே நாளில் சிநேகிதிகள். ஒரே ஃபிளாஸ்க், ஒரே பாய். ஒருத்தர் கண்ணயர்ந்தால் இன்னொருத்தர் இரண்டு டிரிப்ஸையும் பார்த்துக்கொள்வார்.

எங்கள் பாஸ்டர் வந்து என் நெற்றியில் ஆலிவ் எண்ணெய் பூசி, தலையில் கை வைத்து ஜெபித்தபோது தனம் அக்கா எழுந்து வந்தார்.

“ஐயா, எம் பொண்ணுக்கும் சேத்து வேண்டிக்கிங்கய்யா. திருவந்திபுரத்துப் பெருமாளுக்கும் வேண்டிக்கிட்டுதான் இருக்கேன். யாரு காப்பாத்துனாலும் சரி, புள்ள பொழைச்சா போதும்.”

பாஸ்டர் முகம் சுளிக்கவில்லை. நல்ல மனிதர். அதே எண்ணெய், அதே கை, அதே ஜெபம். என் அம்மா கலையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்காக அழுததைவிட ஜாஸ்தியாகவே அழுகிறாளே என்று படுத்தபடியே பொறாமைப்பட்டேன்.

நான் பிழைத்தேன். கலை போய்விட்டாள்.

இதை வேறு எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உடம்பு தேறி வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

“நீ பொழைச்சா சபையில சாட்சி சொல்ல வைக்கிறேன்னு பொருத்தனை பண்ணியிருக்கேன்டி.”

பொருத்தனை என்றால் நேர்த்திக்கடன். சாட்சி என்றால், கர்த்தர் எனக்கு இன்ன நன்மை செய்தார் என்று ஞாயிறு ஆராதனையில் மைக் பிடித்துச் சொல்வது. சின்ன வயதிலிருந்து எத்தனையோ கேட்டிருக்கிறேன். வேலை கிடைத்தது, கட்டி கரைந்தது, விசா வந்தது... அன்றைக்குத்தான் உறைத்தது. கட்டி கரையாதவர் யாரும் மைக்குக்கு வந்ததே இல்லை.

“கலைக்கு ஏம்மா கேக்கல? அதே ஜெபம்தானே?”

“அது அவர் சித்தம்டி.”

“நான் பொழைச்சது?”

“அதுவும் அவர் சித்தம்தான்.”

“அப்ப ஜெபம் எதுக்கும்மா?”

“உடம்பெல்லாம் வத்திப் போச்சி, வாய் மட்டும் வத்தலடி உனக்கு!”

எது நடந்தாலும் பொருந்திவிடுகிற பதில் எனக்குப் பதிலாகவே படவில்லை. எல்லாம் வல்லவர் என்றால், இரண்டு கட்டிலுக்கும் நடுவே இருந்த இடைவெளி அவருக்கு ஒரு தூரமா? அன்பே உருவானவர் என்றால், எந்த அன்பு இப்படிப் பொறுக்கி எடுக்கும்? ‘அந்தப் பொண்ணு ரட்சிக்கப்படலையேம்மா’ என்றார் சபையில் ஒரு பெரியவர். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கேட்டவள் பிறந்த வீட்டைப் பார்த்துக் கதவு திறக்கிற கடவுளா?

பெரிய பெரிய படிப்பாளிகளும் இதையேதான் கேட்டிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. நான் எதையும் படித்துக் கெட்டுப்போகவில்லை நண்பர்களே, படுத்துக் கெட்டுப்போனவள்.

அந்த ஞாயிறு வந்தது.

மைக்கைக் கையில் வாங்கிய பிறகுதான் பார்த்தேன். கடைசியில், கதவோரமாகத் தனம் அக்கா. ‘பொண்ணு தேறிட்டா, வந்து பாத்துட்டுப் போங்கக்கா’ என்று அம்மாதான் கூப்பிட்டிருக்கிறாள். அம்மா வெள்ளந்தி. அது அவருக்கு எப்படி வலிக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

முன்வரிசையில் அம்மா கை கூப்பி உட்கார்ந்திருந்தாள். பொருத்தனை தவறினால் எனக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடும் என்று நிஜமாகவே பயந்தாள். நான் சாட்சி சொன்னால் அவள் நிம்மதியாவாள். ஆனால், ‘கடவுள் உங்கள் மகளை விட்டுவிட்டு என்னை மட்டும் காப்பாற்றினார்’ என்று கதவோரம் இருப்பவரிடம் சொன்னதாக ஆகும்.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் பக்கத்துக் கட்டில்ல கலையரசின்னு ஒரு பொண்ணு இருந்துச்சி. எனக்குப் பண்ண ஜெபத்தத்தான் அதுக்கும் பண்ணாங்க. நான் வந்துட்டேன், அது வரல. ஏன்னு எனக்குத் தெரியல. தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்ல எனக்கு வாய் வரல.”

உட்கார்ந்துவிட்டேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தபோது தனம் அக்கா முந்தானையால் முகத்தை மூடியிருந்தார். அந்த வாரம் முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை. தோசையைத் தட்டில் போடுகிற சத்தம்தான் பேச்சு.

அதன்பிறகு நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. சண்டையெல்லாம் இல்லை.

இப்போது சாட்சியெல்லாம் யூடியூப் லைவில் வருகிறது. அம்மா தினமும் காலையில் வாட்ஸப்பில் வசனம் அனுப்புகிறாள், நான் ‘குட் மார்னிங்மா’ என்று போடுகிறேன். போன வருஷம் அவளுக்குக் கண் ஆபரேஷன். தனி ரூம், ஏசி, டிவி. பக்கத்து ரூமில் யார் என்று கடைசிவரை தெரியாது. அந்த ஒற்றை ஃபிளாஸ்க்கை நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குப் போனால் ஞாயிறன்று ஸ்கூட்டரில் அம்மாவைச் சபை வாசலில் விட்டுவிட்டு எதிரே டீக்கடையில் உட்காருவேன். குடிகாட்டு பஸ்ஸில் வந்து இறங்குவார் தனம் அக்கா. ஆமாம்... அவர் ஞானஸ்நானம் எடுத்து ரொம்ப வருஷமாகிறது. பிழைத்தவள் வெளியே, பறிகொடுத்தவர் உள்ளே.

போன மாதம் மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

“எப்பிடிக்கா உங்களால உள்ள போவ முடியுது?”

“உங்கம்மா எம் பொண்ணு கால புடிச்சிக்கிட்டு அழுதாங்கல்ல, அதாம்மா” என்றவர், சபை வாசலைப் பார்த்தபடி சொன்னார். “அன்னிக்கு நீ மைக்கப் புடிச்சதும் எழுந்து ஓடிடலாம்னு இருந்தேன். சாமி உன்ன மட்டும் காப்பாத்துனாருன்னு நீ சொல்லியிருந்தா, இந்தப் படிய மறுபடி மிதிச்சிருக்கவே மாட்டேன்.”

பாட்டு ஆரம்பித்துவிட்டது என்று உள்ளே போய்விட்டார். டீ ஆறிப்போய்விட்டது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், அன்றைக்கு நான் சொன்னதே சாட்சிதான், பொருத்தனை நிறைவேறிவிட்டது என்று அடுத்த ஞாயிறே மைக்கைப் பிடித்துவிடுவாள்.