முதுகைக் காட்டிக் கேட்டவர்

சில வருடங்களுக்கு முன்பு புனே மகர்பட்டாவில், ஒரு ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேருபவர்களுக்கு ஆன்லைனில் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதாவது, நாள் முழுக்கப் பேச்சு. கோயம்புத்தூரில் அம்மா இறந்த சில மாதங்களில் என் குரல் போய்விட்டது. முதலில் கரகரப்பு, பிறகு வெறும் காற்று. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். இப்படியே இருந்தால் வேறு ஆளைப் போடவேண்டியிருக்கும் என்று அலுவலகத்தில் பக்குவமாகச் சொல்லிவிட்டார்கள். நானோ தனியாக வாழ்கிறவள். பயந்துபோனேன்.

டாக்டர்தான் புனேயின் இன்னொரு கோடியில், போபோடியில் ஒரு குரல் பயிற்சி ஆசிரியையிடம் அனுப்பினார். வேல்ஸ் நாட்டுக்காரர், எழுபதைத் தாண்டியவர். இளமையில் ஐரோப்பிய இசை நாடகமான ஓபரா மேடைகளில், மைக் இல்லாமல், மொத்த வாத்தியக் குழுவையும் மீறி உச்சஸ்தாயியில் பாடிய சொப்ரானோ பாடகி. ஓபராவில் கதாநாயகி பெரும்பாலும் கடைசியில் செத்துப்போவாளாம். "நான் சாகாத ஊரே கிடையாது" என்று சிரிப்பார். வயதாகிக் குரல் தளர்ந்ததும் மேடை அழைப்புகள் நின்றன, சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். புனேக்காரர் ஒருவரை மணந்து இங்கே வந்தார். கணவர் இறந்தபின் அந்த மாடி வீட்டில் அவரும் ஒரு பியானோவும்தான்.

மாணவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் கேட்பார். முகத்தைப் பார்த்தால் காது ஏமாந்துவிடுமாம். இத்தனை டிராஃபிக்கில் வந்து ஒரு முதுகைப் பார்க்க வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக வரும். மூச்சுப் பயிற்சியிலேயே வாரங்கள் ஓடின. குரல் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, "ஆங்கிலம் வேண்டாம். அம்மாவிடம் பேசுவதுபோல் உன் மொழியில் பேசு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆபீசில் ஆங்கிலம், ஆட்டோவில் இந்தி, காய்கறிக் கடையில் அரைகுறை மராத்தி. தினமும் அம்மாவிடம் போனில் பேசியதுதான் என் தமிழ். அம்மா போனபிறகு நான் தமிழில் வாயே திறக்கவில்லை.

"அம்மா, நல்லாத்தான் இருக்கறேன்" என்று ஆரம்பித்தேன். "வூட்டுக்கு வந்தா ஃபிரிட்ஜ் சத்தந்தாம்மா கேக்குது. சாப்டியான்னு கேக்க ஒரு ஆளில்ல."

அதற்கு மேல் அழுகை. ஆனால் அந்த அழுகையில் என் பழைய குரல் இருந்தது.

அவர் திரும்பவில்லை. ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனாலும் நான் ஓயும்வரை அசையாமல் கேட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கள் வெல்ஷ் மொழியில் நீங்கள் யாரிடம் பேசுவீர்கள்?" என்று கேட்டேன். ஊரில் ஒரு தங்கை இருந்தாராம், அவரும் போய்விட்டாராம். "அதற்கப்புறம் யாருமில்லை" என்றார்.

நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

அவர் வெல்ஷில் பேசத் தொடங்கினார். பெரிய அரங்குகளை நிறைத்த அந்தக் குரல், ஒரு தங்கைக்கு மட்டும் கேட்கிற அளவில் சின்னதாக வந்தது.

என் குரல் மெல்லத் தேறியது, வேலையும் தப்பியது. பயிற்சி முடிந்தபிறகும் சனிக்கிழமைகளில் போய்வந்தேன். அவர் பேச நான் கேட்பேன், நான் பேச அவர் கேட்பார். போன வருடம் அவரும் இறந்துவிட்டார். அவர் பேசியதில் ஒரு வார்த்தைக்குக்கூட எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனாலும் இந்த ஊரில் என்னை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் அவர், அவரைக் கேட்ட ஒரே ஆள் நான் என்ற நினைப்புதான், ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும் கேட்கிற இந்த வீட்டில் இன்னும் எனக்குத் துணையாக இருக்கிறது.