உள்ளங்கால் நமைச்சலுக்குப் பலன்

உள்ளங்கை அரித்தால் காசு வரும், புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என் பிள்ளைகள் வேண்டுமென்றே சீண்டுவார்கள். "கண்ணு துடிக்குதும்மா, என்ன பலன்?" என்பார்கள். "கண் டாக்டரைப் போய்க் கேளு" என்று எரிந்து விழுவேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுடைய பெரியம்மா எப்படிச் செத்தாள் என்பதை நான் அவர்களுக்கு முழுசாகச் சொன்னதில்லை.

சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி ஜில்லா ஆகியிருந்த சமயம் அது. காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. மழை பெய்தால் கடலைக்காயும் கேழ்வரகும் வரும், இல்லாவிட்டால் இல்லை. அப்பா விவசாயிதான், ஆனால் ஊரில் அவருக்கு இருந்த மரியாதை பஞ்சாங்கத்தால் வந்தது. அதன் கடைசிப் பக்கங்களில் பல்லி விழும் பலன், தும்மல் பலன், அங்கம் துடிக்கும் பலன் என்று போட்டிருக்கும். உச்சந்தலை தொடங்கி உள்ளங்கால் வரை ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பலன். ஆணுக்கு வலது நல்லது, பெண்ணுக்கு இடது நல்லது. அப்பாவுக்கு அத்தனையும் மனப்பாடம். ஆனாலும் யாராவது கேட்டு வந்தால் புத்தகத்தைப் பிரித்து விரல் வைத்துத்தான் சொல்லுவார். அப்போதுதானே மரியாதை.

அவரிடம் ஒரு கட்டளை உண்டு. துடிக்கிற இடத்தையோ அரிக்கிற இடத்தையோ பலன் கேட்கும் முன்னால் கையால் தொடக்கூடாது. நல்ல பலன் என்று தெரிந்துவிட்டால் அது நடக்கும் வரைக்கும் அந்த இடத்தைச் சொறியக்கூடாது, எண்ணெயோ மருந்தோ போடக்கூடாது. மீறினால் பலன் அவிந்துபோகும். பஞ்சாங்கத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது. அவராகச் சேர்த்துக்கொண்டது. ஊரில் ஒருத்தரும் அதை எதிர்த்துக் கேட்டதில்லை. நாங்கள் எங்கே கேட்பது!

எனக்கும் அக்காவுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பில் தலை வாரி வளர்ந்தோம். அவளுக்குக் கல்யாணம் ஆகி, மாமா பெங்களூரில் ஒரு பட்டறையில் வேலை என்று போய்விட்டார். வீடு பார்த்துவிட்டுக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னவர், பண்டிகைக்கு வருவார், நாலு நாள் இருப்பார், வீடு இன்னும் அமையவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். கல்யாணமான பெண் அம்மா வீட்டிலேயே இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? "என்னம்மா, பெங்களூர்ல இன்னும் உனக்கு வூடு கட்டி முடியலையா?" என்று தண்ணிக் குடத்தோடு நிறுத்திக் கேட்பார்கள். அக்கா சிரித்துக்கொண்டே வருவாள். வீட்டுக்குள் வந்து குடத்தை இறக்கியதும் முகம் செத்துப்போகும்.

ஐப்பசியில் கடலைக்காய் பிடுங்கினோம். அக்கா வெறுங்காலோடு குத்தவைத்துச் செடியிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ வந்த ஒரு நாய்க்குட்டி பின்னால் வந்து அவளுடைய இடது உள்ளங்காலைக் கவ்விவிட்டு ஓடியது. இத்துனூண்டு குட்டி. ரெண்டு சொட்டு ரத்தம். எல்லாரும் சிரித்தோம், அக்காவும்தான். அம்மா மட்டும், "தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வந்துரலாங்க" என்றாள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "தொப்புளச் சுத்தி ஊசி குத்துவாங்க. இன்னும் புள்ள பெக்காத வவுறு. நாளைக்கு ஒண்ணும் தங்கலன்னா மாப்ள வூட்டுக்கு யாரு பதில் சொல்றது? இதென்ன கடியா, நகம் கீறுன மாதிரி இருக்குது." மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து அப்பினார்கள். புண் ஆறிப்போனது. அந்தக் குட்டி கொஞ்ச நாளில் ஓடை ஓரத்தில் செத்துக் கிடந்தது. தெருநாய் செத்தால் யார் ஏன் என்று கேட்கிறார்கள்?

தை முடியும்போது ஒருநாள் காலையில் அக்கா நடு வீட்டில் நின்றபடி இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா?"

"உள்ளங்காலு நமநமன்னு இருக்குது. உள்ள எறும்பு ஊர்ற மாதிரி."

அப்பா காதில் விழுந்துவிட்டது. "தொடாத, தொடாத! எந்தக் காலு?" என்று எழுந்து வந்தார். இடது என்றதும் அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் மறக்கவே மாட்டேன். பஞ்சாங்கத்தைப் பிரித்து விரலை வைத்தார். பெண்களுக்கு இடது உள்ளங்கால் துடித்தால் யாத்திரை, புருஷன் வழியில் சுகம்.

"துடிக்கலீங்கப்பா, நமைக்குது" என்றாள் அக்கா.

"துடிப்புக்கு ஒண்ணு, நமைச்சலுக்கு ஒண்ணுன்னு தனியாவா போடுவான்? எல்லாம் ஒண்ணுதான் கண்ணு. மாப்ளைக்கு வூடு அமைஞ்சிருச்சு. நீ பெங்களூரு கெளம்பற."

அக்கா அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான். நானும் அழுதேன். அம்மா மட்டும் அவளுடைய காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அது நாயி கடிச்ச எடமாச்சே" என்றாள்.

"வாயக் கழுவுடி மொதல்ல. புள்ளைக்கு நல்ல காலம் பொறக்கறப்ப நாயாம், பேயாம்."

அந்த வீட்டில் அம்மா ஒரு வார்த்தைதான் பேசலாம், இரண்டாவது வார்த்தைக்கு இடம் கிடையாது.

அன்றிலிருந்து அக்கா பரபரப்பாக இருந்தாள். சேலைகளைத் துவைத்து மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தாள். நமைச்சல் குறையவில்லை, ஏறியது. உள்ளங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கு, அங்கிருந்து தொடைக்கு. தூங்க முடியவில்லை. நான் தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு போனேன். "வேண்டாண்டி. அப்பா சொன்னாருல்ல, அவிஞ்சு போயிரும்" என்று காலை இழுத்துக்கொண்டாள். "அவிஞ்சா அவியட்டும், உனக்குப் பைத்தியமா?" என்று கத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். தெருவில் கேலி பேசிய அதே பெண்கள் வந்து, "கால் நமைக்குதாமே, எங்களை மறந்துராத" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். சொறியாமல் பொறுத்துக்கொள்வதையே அவள் ஒரு நேர்த்திக்கடன் மாதிரி செய்தாள்.

அப்புறம் காய்ச்சல் வந்தது. அடுத்த நாள் களி உருண்டையை விழுங்கினாள், இறங்கவில்லை. தண்ணீர்ச் சொம்பை வாயருகே கொண்டுபோனாள். தொண்டை நரம்பு வெட்டி இழுத்தது. சொம்பு உருண்டது. மறுபடி கொடுத்தால், சொம்பைப் பார்த்ததுமே உடம்பு தூக்கிப் போட்டது. "தாகமா இருக்குதும்மா, குடிக்க முடியலம்மா" என்று தேம்பினாள். அந்த நேரத்திலும் அப்பா என்ன செய்தார் தெரியுமா? புத்தகத்தை எடுத்தார். "கழுத்து துடிச்சா ஆபரணச் சேர்க்கைன்னு போட்டிருக்குது" என்று ஆரம்பித்தார்.

அம்மா அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கிப் பரண்மேல் வீசினாள். "நாசமாப் போச்சு. எம் புள்ள போவுதுங்க. வண்டியப் புடிங்க" என்றாள். அப்பா அப்போதுதான் பயந்தார். பயப்பட அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது.

மாட்டுவண்டியில் காரிமங்கலம், அங்கிருந்து தர்மபுரி பஸ். ஜன்னல் காற்று முகத்தில் பட்டதும் அக்கா அலறினாள். காற்றுகூட அவளுக்கு ஆகவில்லை. நானும் அம்மாவும் சேலையை விரித்து அவளை மூடிக்கொண்டோம். முன் சீட்டு ஆள் திரும்பிப் பார்த்துவிட்டு, "நாய்க்கடி கேசுங்களா?" என்று கேட்டபடி எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பின் சீட்டெல்லாம் காலியாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டார்கள். டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்தார். கடி எப்போது, நமைச்சல் எப்போது என்று கேட்டார். அப்பாவை வெளியே கூப்பிட்டார். நானும் போனேன்.

"நமைச்சல் ஆரம்பிச்ச அன்னிக்கே கூட்டிட்டு வந்திருந்தா...?" என்று அப்பா இழுத்தார்.

"வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. நமைச்சல் வந்துட்டா அவ்வளவுதான். விஷம் ஏற ஆரம்பிச்சுதுன்னு அர்த்தம். கடிச்ச அன்னிக்கே வந்திருக்கணும்."

அப்பா ஒரு பெருமூச்சு விட்டார். நமைச்சலுக்குத் தான் சொன்ன பலனால் மகள் சாகவில்லை என்று தெரிந்த பெருமூச்சு அது. அந்த மூச்சுக்காக அவரை நான் கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. நமைச்சலுக்கு அர்த்தம் இருந்தது. ஒரே ஒரு அர்த்தம்தான். அதை அம்மா முதல் நாளே சொன்னாள், வாயைக் கழுவச் சொன்னார்கள். கடித்த நாளன்றும் அவள்தான் சொன்னாள்.

அக்காவுக்கு வலிப்பு விட்டு விட்டு வந்தது. இடையில் புத்தி தெளிவாக இருந்தது, அதுதான் கொடுமை. நாய் மாதிரி குரைப்பாள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பக்கத்து வார்டு ஆட்கள் கதவுச் சந்தில் எட்டிப் பார்த்தார்கள். அவள் ஒரு தடவையும் குரைக்கவில்லை. சேலை முந்தானையைச் சுருட்டித் தன் வாயைத் தானே கட்டிக்கொண்டாள். "நான் கடிச்சுட்டா உனக்கும் வந்துரும். தள்ளி உக்காரும்மா" என்றாள். அம்மா தள்ளி உட்காரவில்லை. அந்த இடது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அத்தனை நாள் யாரும் தொடாத உள்ளங்காலை நகத்தால் சொறிந்துகொடுத்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "ஆங், அங்கதான்" என்றாள்.

அப்பா வாசற்படியிலேயே நின்றார். அக்கா அவரைப் பார்த்துவிட்டு, கட்டிய துணிக்குள்ளிருந்து கேட்டாள்.

"அப்பா, வாயெல்லாம் இழுத்து இழுத்துத் துடிக்குது. இதுக்கு என்ன போட்டிருக்குதுங்க?"

எனக்கு அவரை அங்கேயே அடித்துக் கொல்ல வேண்டும்போல இருந்தது. அவர் கையில் புத்தகம் இல்லை. விரல் மட்டும் வேட்டியில் எதையோ தேடியது.

"நல்லதுதான் கண்ணு" என்றார். "மாப்ள கெளம்பிட்டாரு. பெங்களூர்லருந்து பஸ் ஏறிட்டாரு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

"அப்ப எனக்குத் தலை சீவி வுடும்மா. இப்பிடியா பாப்பாரு?"

தண்ணீர் தொடாமல், காற்றுப் படாமல், அம்மா விரலாலேயே அவளுடைய தலையைக் கோதி இறுக்கிப் பின்னினாள். பின்னல் முடிவதற்குள் இரண்டு தடவை உடம்பு தூக்கிப் போட்டது. மூன்றாவது தடவைக்கு அப்புறம் அசைவில்லை. அம்மா பின்னலை விடாமல் நுனிவரை பின்னி முடிச்சிட்டாள்.

மாமாவுக்கு அதுவரை யாரும் தகவலே சொல்லியிருக்கவில்லை. அப்பா அதற்கப்புறம்தான் தந்தி ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போனார்.